இரண்டு ஊர்த் தோள்கள்

மனித உடலில் தோள் என்று ஒற்றைச் சொல்லால் வழங்கப்படும் பகுதி, மூன்று எலும்புகளும் நான்கு இணைப்பிடங்களும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் ஒரே நேரத்தில் இயங்குவதால் உருவாகும் ஒரு கூட்டு ஏற்பாடாகும். மார்பெலும்பின் உச்சியில் தொடங்கித் தோள்முனை வரை கிடையாக ஓடும் காறை எலும்பு, முதுகின் மேற்பகுதியில் விலாக்கூட்டின் மீது முக்கோண வடிவில் படிந்திருக்கும் தோள்பட்டை எலும்பு, முழங்கைக்கு மேலுள்ள மேற்கை எலும்பு ஆகிய மூன்றும் அதில் அடங்குகின்றன. காறை எலும்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டு உள்ளது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் குழியில் பொருந்துமிடம் மூன்றாவது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மீது தசைகளின் மேல் வழுக்கி நகருமிடம், மூட்டுக்குரிய உறையோ குருத்தெலும்போ இல்லாதபோதும், நான்காவதாக எண்ணப்படுகிறது. ஒரு கை முழுவதும் உடலின் நடுக்கூட்டோடு எலும்பு மூட்டால் இணைந்திருப்பது காறை எலும்பின் உள்முனையாகிய ஓரிடத்தில் மட்டுமே என்பதும், எஞ்சிய பிடிப்பு அனைத்தும் தசைகளுடையதே என்பதும் முதன்முறை கேட்பவருக்கு வியப்பளிக்கும் செய்திகள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று 10, 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தோளின் வெவ்வேறு பயன்களை அருகருகே காட்டும் ஊர்கள். முன்னது பஞ்சாலையாலும் விசைத்தறியாலும் வளர்ந்தது. பின்னது கோயிலாலும் பால்கோவாவாலும் பெயர்பெற்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இவ்விரு ஊர்களுக்கிடையே வளர்ந்து, பின்னர் இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, பயின்ற இக்கட்டுரையாளருக்கு, தோளைப் பற்றிப் பாடநூலில் படித்தவற்றுள் பெரும்பாலானவை முன்பே கண்டிருந்த காட்சிகளின் விளக்கமாகத் தோன்றின. தோள் ஒரு நிலையற்ற மூட்டு என்று அந்நூல்கள் தொடக்கத்திலேயே குத்திவிடும் முத்திரை மட்டும் அக்காட்சிகளோடு ஒட்டவில்லை.

அக்காட்சிகளுள் முதன்மையானது ஆடிப்பூர விழாவின் ஐந்தாம் நாள் இரவு நிகழும் ஐந்து கருட சேவை. ஐந்து பெருமாள்கள் கருட வாகனங்களில் எழுந்தருள, ஸ்ரீபாதம் தாங்குவோர் எனப்படும் தூக்கிகள் அவ்வாகனங்களின் கனத்த தண்டுகளைத் தோளில் ஏற்றி வீதி வழியே நடப்பர். கூட்டத்தில் தந்தையின் கைப்பிடியில் நிற்கும் சிறுவனின் கண்ணுக்குப் பெருமாளைவிட அருகில் தெரிவது தூக்கிகளின் தோள்களே. மடித்து வைத்த துண்டின் மீது தண்டு அமர்ந்திருக்கும். துண்டு விலகும்போது, கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, பல ஆண்டுச் சுமையால் காய்த்துத் தடித்த தோல் விளக்கொளியில் பளபளக்கும். ஒரு குரல் எழுந்ததும் அனைவரும் ஒரே அசைவில் தலை குனிந்து, தண்டின் மறுபுறம் போய்த் தோள் மாற்றிக்கொள்வர். மேலே வாகனம் சற்றே அசைந்து நேராகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவ்வளவு பெரிய சுமையில் பந்துக்கிண்ண மூட்டாகிய முதன்மை மூட்டுக்கு நேரடிப் பங்கு இல்லை என்பதாகும். தண்டின் கனம் டிரபீசியஸ் என்னும் தசையின் மீது, அதாவது பிடரியிலிருந்து முதுகின் நடுவரை விரிந்து தோள்முனையில் வந்து பற்றும் பெரிய தசையின் மீது இறங்கி, அதன் அடியிலுள்ள காறை எலும்பு வழியாகவும் தோள்பட்டை எலும்பு வழியாகவும் நடுக்கூட்டுக்குச் செல்கிறது. மேற்கை அச்சுமைக்கு வெளியே தொங்குகிறது, அல்லது தண்டு உருளாதபடி பிடித்துக்கொள்கிறது. ஆகவே, வயதான தூக்கிகள் கழுத்து வலியையும் கை மரத்துப்போவதையும் சொல்லிக் கேட்டதுண்டே ஒழிய, அந்தப் பணியால் மூட்டு நழுவியதாகச் சொல்லிக் கேட்டதில்லை. நெடுநேரம் தோளை அழுத்தும் சுமையால் கெடுவன நரம்புகளே: கழுத்திலிருந்து இறங்கி விலாவின் பக்கவாட்டில் ஓடும் ஒரு நீண்ட நரம்பு அடிபட்டால், தோள்பட்டை எலும்பை விலாக்கூட்டோடு அணைத்து வைக்கும் செரேட்டஸ் தசை செயலிழந்து, அவ்வெலும்பின் உள்விளிம்பு முதுகில் புடைத்து எழும்பி நிற்கும். மருத்துவத்தில் இதனைத் தோள்பட்டையின் சிறகெழுச்சி என்பர். கனத்த முதுகுப்பை சுமந்து நடக்கும் படைவீரர்களிடமும் இது காணப்படுகிறது.

தேரிழுப்பு இதற்கு நேர்மாறான விசையைத் தோளுக்குத் தருகிறது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் பெரிய தேர் நகரத் தொடங்கும் தறுவாயில், தளர்ந்து கிடக்கும் வடம் சட்டென விறைத்து, பிடித்திருக்கும் கைகளை முன்னோக்கிச் சுண்டும். அப்போது மேற்கை எலும்பு குழியைவிட்டு வெளியே இழுபடுகிறது. பழகியவர்கள் முழங்கையை மடித்து விலாவோடு சேர்த்து வைத்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கால்களால் இழுப்பர். கை வடத்தைக் கவ்விக்கொள்வதோடு சரி. புதிதாக வந்தவர்கள் கையை நீட்டி இழுத்து, மறுநாள் காலையில் சட்டை மாட்டத் திணறுவர். தேரின் பின்புறம் நின்று சக்கரத்துக்குத் தடி போடுவோர், அதாவது நெம்புகோலாக நீண்ட மரத்தைச் செருகி அதன் மீது ஏறி அழுத்துவோர், தம் எடையையே நம்பினர், கையை நம்பவில்லை. இந்த அறிவை அவர்களுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்லியதில்லை.

முதன்மை மூட்டின் அமைப்பை இனி நோக்கலாம். பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியை வாயில் கவ்வி, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் பந்தயத்தை நினைத்துக்கொண்டால் இம்மூட்டின் இக்கட்டு விளங்கும். மேற்கை எலும்பின் தலை பெரிது. தோள்குழி சிறிது, ஆழமும் குறைவு. எந்த நிலையிலும் தலையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. தொடையெலும்பின் தலையை ஆழமாக விழுங்கி வைத்திருக்கும் இடுப்பு மூட்டோடு ஒப்பிட்டால் இது துணிச்சலான ஏற்பாடுதான். ஆனால் கை தலைக்கு மேலும், முதுகுக்குப் பின்னும், மறு தோளின் மீதும் செல்ல முடிவது இந்த ஆழமின்மையால்தான்.

எலும்பு தராத உறுதியைப் பிற உறுப்புகள் பகிர்ந்து தருகின்றன. குழியின் ஓரத்தைச் சுற்றி நார்க்குருத்தெலும்பாலான ஒரு விளிம்பு வளையம் உண்டு. மருத்துவர்கள் லேப்ரம் என்று குறிப்பிடும் அவ்வளையமே குழியின் மொத்த ஆழத்தில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. மூட்டு முழுவதையும் மூடியிருக்கும் உறை காற்றுப்புகாதது; உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு என்பதால், தசைகள் ஓய்ந்திருக்கும்போதும் எலும்பின் தலை குழியோடு ஒட்டி நிற்கிறது. உறையின் தடித்த பட்டைகளாகிய பிணைநார்கள் கையின் நிலைக்கு ஏற்ப முறை வைத்து விறைக்கின்றன: கை தொங்கும்போது மேற்புறத்து நார்களும், கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்புறம் திரும்பும்போது கீழ்ப்புறத்து நாரும் காவல் நிற்கின்றன. இவை எல்லாம் எல்லைக்காவலே. அன்றாட உறுதி நான்கு சிறு தசைகளின் பொறுப்பில் இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் மேற்புறத்திலிருந்து சுப்ராஸ்பைனேட்டஸ், பின்புறத்திலிருந்து இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், முன்புறத்திலிருந்து சப்ஸ்கேப்புலாரிஸ் எனப் புறப்படும் அவை, தம் தசைநாண்களால் மேற்கை எலும்பின் தலையை முப்புறமும் தழுவிப் பற்றுகின்றன. ரோட்டேட்டர் கஃப் என்று விளையாட்டுச் செய்திகளில் அடிபடுவது இந்தச் சுழல் தசைத் தொகுதியே. கையின் வெளிப்புறத் திரட்சியாகிய டெல்டாய்டு தசை கையைத் தூக்க முனையும்போது எலும்பின் தலையையும் சேர்த்து மேலே இழுக்கிறது. அந்நொடியே இந்நான்கும் தலையைக் குழிக்குள் அழுத்திக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் தூக்கல் சுழற்சியாக மாறுகிறது. பக்கவாதத்தால் தசைகள் தளர்ந்தவரின் தோளில், சில வாரங்களில் தோள்முனைக்குக் கீழே ஒரு விரல் புகும் இடைவெளி விழுவதைத் தொட்டுப் பார்த்தவருக்கு, உறுதி என்பது தசைகள் விழித்திருக்கும் வரைதான் என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.

ராஜபாளையத்தின் பஞ்சாலைகள் தோளைச் சோதிக்கும் விதம் வேறு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக அவ்வூரில் நூற்பாலைகள் பெருகின. ஷிப்டு மாறும் நேரத்தில் சைக்கிள்களால் சாலை நிறைந்தது. நூற்கும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளியைச் சைடர் என்பர். அறுந்த இழையைச் சேர்ப்பது மார்பளவு உயரத்தில் நடக்கும் வேலை. ரோவிங் பாபின், அதாவது நூலாக முறுக்கப்படுவதற்கு முந்திய தளர்ந்த பஞ்சுத்திரி சுற்றிய கட்டை, தலைக்கு மேலே தொங்குவது. தீர்ந்த பாபினை இறக்கி முழுப் பாபினை மாட்டும் ஒவ்வொரு முறையும் கை முழு உயரத்துக்கு எழுந்தாக வேண்டும்.

கை அவ்வாறு எழுவது ஒரு மூட்டின் செயல் அன்று. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் தோளைப் பற்றி வெளியிட்ட தனி நூலில் இதன் ஒத்திசைவைச் சுட்டிக்காட்டினார். வெர்ன் இன்மனும் அவருடைய துணையாளர்களும் 1944-இல் அதனை அளந்து எழுதினர். அவர்கள் கணக்கின்படி, கை 180 பாகை உயரும்போது ஏறத்தாழ 120 பாகை பந்துக்கிண்ண மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மீது சுழல்வதாலும் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதம் ஆளுக்கு ஆளும் உயரத்துக்கு உயரமும் மாறுவதைப் பிற்கால அளவீடுகள் காட்டின. ஆயினும் கிண்ணமும் பந்தைப் பின்தொடர்ந்து திரும்புகிறது என்னும் அடிப்படை மாறவில்லை. தலைக்கு மேலே வேலை செய்பவருக்கு அடிக்கடி நேரும் தொல்லை, எலும்பின் தலைக்கும் தோள்முனை எலும்புக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் உரசி வீங்குவதாகும். அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல் இதற்கு இம்பிஞ்மென்ட் என்று பெயரிட்டு விளக்கினார். அவர் நினைத்ததைப்போல உரசலே முழுக் காரணமா, தசைநாணின் தேய்மானம் முந்தியதா என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. அறிகுறி மட்டும் தெளிவானது: கை 60 பாகையிலிருந்து 120 பாகை வரை எழும்போது வலிக்கும், அதைத் தாண்டினால் வலி குறையும். மில் குடியிருப்புகளில் இதற்கு வாய்வுப் பிடிப்பு என்று பெயர். நொச்சி இலை ஒத்தடமும், வேப்பெண்ணெயும், பூண்டு ரசமும் வைத்தியம். ஒத்தடம் வலியைக் குறைத்ததை மறுப்பதற்கில்லை. திரும்பத் திரும்பத் தலைக்கு மேலே கை நீட்டும் வேலை மாறாதவரை வலி திரும்பி வந்ததும் உண்மை.

பால்கோவா கிண்டுவது இதற்கு எதிரான வேலை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பாலும் சர்க்கரையும் இரும்புச் சட்டியில் விறகுத் தீயில் சுண்டச் சுண்டக் கிண்டப்படுவது. கிண்டுபவரின் கை தோளுக்கு மேலே ஒருபோதும் எழுவதில்லை. ஆனால் உட்புறமும் வெளிப்புறமும் மாறி மாறிச் சுழன்றுகொண்டே இருக்கிறது, பால் இறுக இறுக எதிர்ப்பும் கூடுகிறது. சுழல் தசைகள் நான்கும் முறை போட்டுக்கொண்டு செய்யும் அவ்வேலையில் எலும்பின் தலை குழியின் நடுவைவிட்டு விலகுவதே இல்லை. முன்பின்னாக ஊன்றிய கால்களும், இடுப்பிலிருந்து தொடங்கும் மெல்லிய ஆட்டமும் அக்கிண்டலில் பாதி உழைப்பை ஏற்றுக்கொள்வதைக் கடை வாசலில் பொட்டலத்துக்காகக் காத்து நின்றவர்கள் எவரும் கண்டிருக்கலாம்.

கை இறங்கிவிட்டது என்று இப்பகுதியில் சொல்லப்படும் மூட்டு நழுவல், வேலையிடங்களைவிடக் கபடிக் களங்களில்தான் அதிகம் காணக் கிடைத்தது. பாடிச் சென்றவன் கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாயும்போது, பின்னாலிருந்து ஒருவன் அந்தக் கையைப் பற்றி மேலும் பின்னும் இழுத்தால், கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்புறம் திரும்பிய நிலை வாய்க்கிறது. கீழ்ப்புறப் பிணைநார் ஒன்றே தடுத்து நிற்கும் நிலை அது. நழுவல்களில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டவை இவ்வாறு முன்புறமாக நிகழ்வன. பொங்கலையொட்டி ராஜபாளையத்துக்கு அருகே நடந்த ஓர் ஆட்டத்தில் அப்படி விழுந்தவரின் தோள், திரட்சி மறைந்து கோணலாகி, தோள்முனை எலும்பு மட்டும் துருத்தி நின்றது; அவர் மற்றொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, எவரையும் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அக்குளில் தம் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்க முற்பட்டதும், வேறு சிலர் தடுத்து வண்டி பிடித்ததும் நினைவில் உள்ளன.

அப்பெரியவரின் முறை நாட்டுப்புறக் கண்டுபிடிப்பு என்று அப்போது எண்ணத் தோன்றியது. ஆனால் அக்குளில் குதிகாலை ஊன்றி இழுப்பது கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் உள்ளது. சுசுருத சங்கிதை அக்குளில் உலக்கையைக் கொடுத்து உயர்த்தித் தோள்மூட்டைச் சேர்த்து, பின்னர் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றும் சுவஸ்திகக் கட்டைப் போடச் சொல்கிறது. மூன்றிலும் அடிப்படை ஒன்றே: மேற்கை எலும்பைக் கீழும் வெளியேயும் இழுத்து, தசைகள் களைத்துத் தளரும் நொடியில் தலையைக் குழிக்குள் புகவிடுதல். தடுத்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பாராமல் இழுத்தால் முறிவு பெரிதாகலாம். அக்குளில் ஓடும் தமனிக்கும், டெல்டாய்டு தசைக்குச் செல்லும் நரம்புக்கும் கேடு நேரலாம். அந்நரம்பு அடிபட்டிருந்தால் தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கையளவு தோலில் தொடு உணர்வு மங்கும் என்பதால், இழுப்பதற்கு முன்னும் பின்னும் அவ்விடத்தைத் தொட்டுக் கேட்பது மருத்துவ ஒழுங்கு.

சேர்த்த பிறகு கையை மார்போடு சேர்த்துக் கட்டும் துணி, பெரும்பாலும் அவ்வட்டாரத்திலேயே பிறந்தது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஆகிய ஊர்களின் விசைத்தறிகள் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணியை நெய்பவை. இழைகளுக்கிடையே இடைவெளி விட்டு நெய்த அத்துணி, வெளுக்கப்பட்டு, அகல அகலமாக வெட்டிச் சுருட்டப்பட்டு நாடெங்கும் செல்கிறது. தறிச்சத்தத்துக்கு நடுவே நெய்யப்பட்ட சுருள் ஒன்று, சில கல் தொலைவில் ஒரு கபடி வீரரின் மார்பைச் சுற்றி முடிவதில் வியப்பொன்றும் இல்லை; அந்தப் பக்கத்தில் அத்துணிக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

கட்டு அவிழ்ந்த பின்னும் மூட்டின் கதை முடிவதில்லை. லண்டன் மருத்துவர் பிளண்டெல் பேங்கார்ட் 1923-இல் எழுதிய கட்டுரையில், மீண்டும் மீண்டும் நழுவும் தோள்களில் விளிம்பு வளையம் குழியின் முன்னோரத்திலிருந்து பிய்ந்து கிடப்பதைக் காட்டி, அதைத் திரும்ப எலும்போடு தைக்க வேண்டும் என்றார். இன்று அதே தையல் சிறு துளைகள் வழியாக, உள்நோக்கிக் கருவியின் துணையோடு செய்யப்படுகிறது. வயது இதில் விந்தையாக விளையாடுகிறது: 20 வயதுக்குள் முதன்முறை நழுவியவருக்கு மறுபடியும் நழுவும் வாய்ப்பு மிக அதிகம், 40-ஐக் கடந்தவருக்கு அது குறைவு, ஆனால் அவர்களுக்குச் சுழல் தசைநாண் கிழிந்திருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. மேற்சொன்ன கபடி வீரர் அடுத்த பொங்கலிலும் களத்தில் இறங்கினார். அடுத்த பொங்கலிலும் கை இறங்கியது.

நழுவும் தோளுக்கு எதிர்முனையில் இருப்பது இறுகும் தோள். ஃப்ரோசன் ஷோல்டர் என்னும் பெயரைக் காட்மன் 1934-இல் வழங்கினார். மூட்டுறை தடித்துச் சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்வதே இதன் காரணம் என்று மருத்துவர் நெவியாசர் 1945-இல் விளக்கினார். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களிடம் சற்றுக் கூடுதலாக இது வருகிறது. பொதுமக்களில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு நேரும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருவதாகச் சொல்லப்படுகிறது. முதலில் பறிபோவது கையை வெளிப்புறம் திருப்பும் அசைவு. ஆகையால் நோய் முதலில் தெரிவது கண்ணாடி முன்னால்தான்: பின்னலைப் பின்ன முடியவில்லை, பூச்சூட முடியவில்லை, ரவிக்கையின் பின்கொக்கியை எட்ட முடியவில்லை என்று வீட்டுப் பெண்கள் சொல்லத் தொடங்குவர். கட்டுரையாளரின் அத்தை ஒருவர் தம் மகளை அருகில் உட்காரவைத்துத் தலைபின்னச் சொல்லியே இரண்டு தீபாவளிகளைக் கடத்தினார். சர்க்கரை நோய் இருப்பது அவருக்கு அதன் பிறகே தெரியவந்தது. தோள் இறுகியவருக்கு இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது நல்லதே.

வலித்து இறுகும் கட்டம், இறுகியே நிற்கும் கட்டம், இளகும் கட்டம் என மூன்று நிலைகளைக் கடந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோர் தேறுகின்றனர்; சிலருக்குக் கொஞ்சம் விறைப்பு தங்கிவிடுகிறது. மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சை அறையில் கதவு நிலைக்கு மேலே கட்டிய கப்பியும், அதில் ஓடும் கயிறும், சுவரில் விரல்களால் ஏறுவதற்கான மர ஏணியும் இந்நோயாளிகளுக்கானவை. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் ஊசல் பயிற்சி காட்மன் பரிந்துரைத்தது; கையின் எடையே மூட்டைச் சற்று இளக்கிவிடுவதால் வலி மிகுந்த கட்டத்திலும் அதைச் செய்யலாம். வலியைப் பொருட்படுத்தாமல் முறுக்கி இழுத்தால் சீக்கிரம் குணமாகும் என்னும் நம்பிக்கை மக்களிடம் மட்டுமல்லாமல் சில சிகிச்சையாளர்களிடமும் நெடுங்காலம் நிலவியது. முதற்கட்டத்தில் அது தீங்கே செய்தது.

ஸ்கேன் கருவிகள் மாவட்ட நகரங்கள் வரை வந்துவிட்ட பிறகு புதியதொரு கவலை சேர்ந்திருக்கிறது. ஓய்வுபெற்ற சைடர்கள் பலர் கையில் படச்சுருளோடு வந்து, தசைநாண் கிழிந்துவிட்டதாக எழுதியிருக்கிறது, இனி கை அவ்வளவுதானா என்று கேட்கின்றனர். அறுபதைக் கடந்தவர்களின் தோள்களைப் படமெடுத்தால், எந்த வலியும் சொல்லாத பலரிடமும் சுழல் தசைநாணில் கிழிசல் காணப்படுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. ஒரு நாண் தேய்ந்த இடத்தில் மற்ற மூன்றும், அவற்றோடு டெல்டாய்டும், தோள்பட்டையை ஆளும் முதுகுத் தசைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே அனுபவமுள்ள மருத்துவர் படத்தை மேசையில் வைத்துவிட்டு, முதலில் கையைத் தூக்கச் சொல்கிறார். பின்னர் வெளிப்புறம் திருப்பச் சொல்கிறார். பின்னால் சென்று சட்டையை விலக்கி, இரு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றுபோல் நகர்கின்றனவா என்று பார்க்கிறார். அதன் பிறகே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நோக்குகிறார்.